எம் வகுப்பு

வெலிங்டன் தாண்டி, அருவங்காட்டுச் சரிவில்
நாங்கள் வாங்கிய வீட்டுக்கு எழுபது வயதிருக்கும் என்றார்கள்.
சுண்ணாம்பு, அதன்மேல் சிமெண்ட்,
அதன்மேல் ஒவ்வொரு குடித்தனமும் பூசிவிட்டுப் போன நிறம்:
பச்சை, ரோஜா, ஆஸ்பத்திரி நீலம்.
பின்கட்டுக் கூரை மட்டும் ஆஸ்பெஸ்டாஸ்.

நான் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
பத்தொன்பது வருஷமாய் இதையேதான் சொல்கிறேன்.
கல் உடைத்துவிட்டு வந்தவர்கள் இழுப்பார்கள்.
பிடிக்க வராது.
படத்தைத் தூக்கிப் பார்த்தால்
விலாவுக்குள் விடியற்காலை மாதிரி ஒரு மூட்டம்.
இங்கே மூட்டம் என்றால் பத்து மணிக்குக் கலையும்.
அது கலையாது.

அதனால்தான் தூசி உறிஞ்சி தேடினேன்.
சுவரை உரசினால் கிளம்பும் வெள்ளைக்கு ஒன்று,
ஞாயிற்றுக்கிழமை நான் செய்யும் சைப்ரஸ் பெட்டிகளுக்கு ஒன்று
என்று இரண்டு வாங்க வசதியில்லை.
கோயம்புத்தூர்க் கடைக்காரர் போனில் சொன்னார்:
"தூசின்னா தூசிதான் மேடம், வீட்டு வாக்குவமே போதும்."
அந்த வாக்குவம் பக்கத்து வீட்டு ஹெப்சிபாவிடம் இருந்தது.
இரவல் வாங்கி ஓட்டினேன்.
முன்னால் உறிஞ்சியதைப்
பின்னால் ஊதியது.
ஜன்னல் வெயிலில் மினுங்கிக்கொண்டே
என் டீயில் இறங்கியது.

தூசிக்கும் வகுப்புப் பிரித்திருக்கிறார்கள்.
எல், எம், எச்.
எல் என்றால் வெறும் அழுக்கு.
எம் என்றால் சுவர்த்தூளும் மரத்தூளும்.
ஆஸ்பெஸ்டாஸுக்கு எச். விலை கேட்டுவிட்டு
"அப்புறம் கூப்பிடுறேன்" என்றேன். கூப்பிடவில்லை.

மூன்று ராத்திரி கணக்கு.
குழாய் எத்தனை அங்குலம், பை ஒன்று என்ன விலை,
ஆடி மழையில் வடிகட்டி பூஞ்சை பிடிக்குமா,
ஆறு மணிக்கு மேல் எங்கள் லைனில்
வோல்டேஜ் நூற்றெண்பதைத் தாண்டாதே, மோட்டார் தாங்குமா.

சுவர் வேலைக்கு வந்த யோகேஸ்வரன் விலையைக் கேட்டுச் சிரித்தான்.
"என் ரெண்டு மாசக் கூலிக்கா.
ஈரத் துண்டு கட்டிக்கிட்டாப் போதும்.
எங்கப்பா அப்படித்தான் நாப்பது வீடு உரசினாரு."
அப்பாவுக்கு என்ன வயசு என்றேன்.
விரலில் எண்ணினான்.
"இருந்திருந்தா அறுபத்தொண்ணு."

அன்று சாயங்காலமே எம்முக்குப் பணம் கட்டினேன்.
கூரையை வெட்டவேண்டாம், துளைக்கவேண்டாம்,
ஆணிகூட அடிக்கவேண்டாம் என்று முடிவாயிற்று.
எந்த மெஷினாலும் ஆகாததை
தொடாமல் இருந்து செய்யலாம்.

பார்சல் மேட்டுப்பாளையத்தில் இரண்டு நாள் நின்று வந்தது.
உரசியில் குழாயைப் பொருத்தினோம்.
நீலம் போச்சு, ரோஜா போச்சு, பச்சை போச்சு.
தரையில் ஒரு சிட்டிகைகூட இல்லை.
யோகேஸ்வரன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தான்,
என்னவோ ஏமாற்றப்பட்டவன் மாதிரி.

மூன்றாம் நாள் மெஷின் திடீரென்று கத்தியது.
குழந்தை வீறிடுவது மாதிரி.
பயந்து சுவிட்சை அணைத்தான்.
"பை நிறைஞ்சிருச்சு," என்றேன்,
"காத்து குறைஞ்சா கத்தும்."
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு முகமூடியின் வாரை
இன்னொரு கண்ணி இறுக்கிக்கொண்டான்.

போகும்போது கேட்டான்:
கேத்தியில் ஒரு வீடு, பத்து நாள் வேலை,
வாடகைக்குத் தருவீங்களா.
வாடகை வேண்டாம், பை மட்டும் நீ வாங்கு என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிடவேண்டும்.

வந்தது.
சைப்ரஸ் மூடியை வைத்து உப்புத்தாள் தேய்த்தேன்.
தூளெல்லாம் குழாய்க்குள்.
வாசனையும்தான்.
எலுமிச்சையும் பிசினும் கலந்த அந்த வாசனைக்காகத்தானே
இந்த மரத்தையே எடுத்தேன்.

மெஷினை அணைத்தேன்.
தூசி அடங்க எத்தனை நிமிஷம் என்று புத்தகத்தில் இருந்தது;
அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முகமூடியைக் கழற்றி, மூடியை மூக்கருகே கொண்டுபோய்,
இழுத்தேன்.
பிடித்தேன்.